ஜெலாப்பாங் இறக்கமும் லினக்ஸின் இணைப்புச் சந்தியும்

கணினிக்குள் ஒரு வரலாறு – 17

கோலகங்சார் பக்கமிருந்து ஈப்போவுக்கு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் வருகிறவர்கள் மெனோரா சுரங்கத்தைத் தாண்டியதும் நீண்ட இறக்கத்தில் இறங்குகிறார்கள். அந்த இறக்கத்தின் அடியில்தான் ஒரு காலத்தில் ஜெலாப்பாங் டோல் சாவடி இருந்தது. வடக்கிலிருந்து வந்த டோல் முறையும் தெற்கிலிருந்து வந்த டோல் முறையும் ஈப்போவில் ஒன்று சேராமல் அறுபட்டு நின்ற காலம் அது. ஆகவே ஈப்போவுக்குள் நுழைகிறவரும் சரி, கோலாலம்பூருக்கு நேரே போகிறவரும் சரி, ஜெலாப்பாங்கில் நின்றே ஆகவேண்டும். பாரம் ஏற்றிய லாரிகளின் பிரேக் சூடேறி வலுவிழக்கும் இடமும், கார்களும் பேருந்துகளும் வரிசை பிடித்து நிற்கும் இடமும் ஒன்றாகிப் போயின. விபத்துகளுக்குப் பேர்போன இடமாக ஜெலாப்பாங் ஆனது. பிற்பாடு இரண்டு டோல் முறைகளையும் ஒன்றாக்கி, ஜெலாப்பாங் சாவடியை எடுத்துவிட்டு, நகருக்குள் இறங்குகிறவர்கள் மட்டும் நின்று போகும்படி ஈப்போ உத்தாரா சாவடியைக் கட்டினார்கள். அதனால் லாரிகள் குறைந்துவிடவில்லை, மலையும் சரிந்து சமவெளியாகிவிடவில்லை. எங்கே நிற்பது என்பது மட்டும் மாறியது.

லினக்ஸ் கெர்னலின் வரலாற்றில் இந்த வாரம் நாம் பார்க்கப்போகும் பகுதிக்கு ஜெலாப்பாங்கைவிடப் பொருத்தமான வாசல் இல்லை. கெர்னல் என்பது இயங்குதளத்தின் கரு. வட்டு, திரை, வலை, நினைவகம் என எல்லா வன்பொருளுக்கும் நம் செயலிகளுக்கும் நடுவில் நின்று பங்கிட்டுக் கொடுப்பது அதுதான். அதை எழுதும் ஆயிரக்கணக்கானோர் உலகின் பல மூலைகளில் இருந்துகொண்டு, ஒருவர் செய்வதை மற்றவர் பார்க்காமல், ஒரே நேரத்தில் அதே கோப்புகளைத் திருத்துகிறார்கள். திருத்தங்கள் ஒன்றுசேரும் சந்தியில் மோதல் வருகிறது. அதை 'மெர்ஜ் கான்ஃப்ளிக்ட்' என்பார்கள். நாம் இணைப்பு முரண் என்போம். இந்த முரண்களை ஒழிக்கும் கருவியைத் தேடிய வரலாறாகவே இது வழக்கமாகச் சொல்லப்படுகிறது. சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு வேறொன்று தெரிகிறது. முரணை யாரும் ஒழிக்கவில்லை. அது எந்த இடத்தில், எவ்வளவு சீக்கிரத்தில், யாருடைய கண்ணெதிரே வெளிப்பட வேண்டும் என்பதைத்தான் கெர்னல்காரர்கள் படிப்படியாகக் கண்டுபிடித்தார்கள். லினக்ஸ் இவ்வளவு பெரிதாக வளர்ந்தும் உடையாமல் நிற்பதற்குக் கருவிகளைவிட அந்த ஏற்பாடே பெரிய காரணம் என்பது இந்தக் கட்டுரையின் வாதம்.

முரண் என்றால் என்ன என்று முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழ் வாசகருக்கு இது புதிய செய்தியே இல்லை. ஏடு பார்த்து ஏடு எழுதிய காலம் முழுவதும் நம் நூல்கள் இந்தச் சிக்கலோடுதான் வாழ்ந்தன. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது அவர் முன் இருந்தவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல ஏடுகள். ஒரு பிரதியில் ஒரு சொல், இன்னொன்றில் வேறு சொல். எது மூலம், எது எழுதியவர் கைப்பிழை என்று முடிவு செய்ய அவரிடம் மூல ஏடு இல்லை. யாப்பு, பொருள், உரை, பிற நூல்களின் ஆட்சி என்று எல்லாவற்றையும் கொண்டு தீர்மானிக்க வேண்டியிருந்தது; தீர்மானிக்க முடியாததைப் பாடபேதம் என்று அடிக்குறிப்பில் வைத்தார். கணினி நிரலை இணைப்பவருக்கு இந்த விஷயத்தில் ஒரு பெரிய வசதி உண்டு. இரண்டு பிரதிகளும் எந்த மூலத்திலிருந்து பிரிந்தனவோ அந்த மூலம் அப்படியே கையில் இருக்கிறது. மூலத்தோடு ஒப்பிட்டு, ஒருவர் மட்டும் மாற்றிய வரியை அப்படியே ஏற்கலாம். இருவரும் அதே வரியை வெவ்வேறாக மாற்றியிருந்தால்தான் முரண். மூன்று பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதால் இதற்கு மும்முனை இணைப்பு என்று பெயர். யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில், 1979இலேயே, இதைச் செய்யும் 'டிஃப்3' என்ற கருவி வந்துவிட்டது. ஆக, முரணைக் கண்டுபிடிக்கும் கணக்கு லினக்ஸ் பிறப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் மூத்தது. கடினமானது அந்தக் கணக்கு இல்லை என்பதற்கு இதுவே முதல் சான்று.

முரணே வராமல் தடுக்கும் வழியும் அந்தக் காலத்திலேயே இருந்தது. பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் 1972இல் தொடங்கிய எஸ்.சி.சி.எஸ்., எண்பதுகளின் தொடக்கத்தில் வால்டர் டிஷி எழுதிய ஆர்.சி.எஸ். ஆகிய இரண்டு கருவிகளும் பூட்டு முறையில் இயங்கின. ஒருவர் கோப்பைத் திருத்த எடுத்தால் அது பூட்டப்படும். அவர் திருப்பி வைக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். ஐந்து பேர் ஒரே அறையில் இருந்தால் இது நன்றாகவே நடக்கும். பூட்டியவர் வீட்டுக்குப் போய்விட்டால் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கலாம். ஆம்ஸ்டர்டாமில் டிக் குரூன் 1986இல் வெளியிட்ட சி.வி.எஸ். இந்தப் பூட்டைக் கழற்றிப் போட்டது. எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதுங்கள், பிறகு இணைத்துக்கொள்ளலாம் என்றது. அதற்கு ஓராண்டு முன்பு, 1985இல், லாரி வால் எழுதிய 'பேட்ச்' இன்னும் ஒரு படி மேலே போயிருந்தது. மாற்றிய வரிகளையும் அவற்றைச் சுற்றியுள்ள சில வரிகளையும் மட்டும் மின்னஞ்சலில் அனுப்பினால் போதும். எதிர்முனையில் உள்ளவரின் கோப்பு சற்று வேறுபட்டிருந்தாலும் சுற்றியுள்ள வரிகளை அடையாளமாகக் கொண்டு அது பொருத்திப் பார்க்கும். முகம் தெரியாதவர்கள் சேர்ந்து எழுதுவதற்கு வழி திறந்தது அங்கேதான். பூட்டைக் கழற்றியதன் விலைதான் முரண். அந்த விலையைக் கொடுக்கத் துணிந்தவர்களால்தான் பெரிய நிரல்களைப் பொதுவில் எழுத முடிந்தது.

லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸைத் தொடங்கியபோது அவருடைய கருவி பேட்ச்தான். உலகெங்கிலுமிருந்து திருத்தங்கள் அஞ்சலில் வரும். அவர் படிப்பார், பிடித்தால் சேர்ப்பார், பிடிக்காவிட்டால் விட்டுவிடுவார். பத்தாயிரம் வரியளவு நிரலுக்கு இது போதுமானதாக இருந்தது. 1998 செப்டம்பரின் இறுதியில் நிலைமை முற்றிவிட்டது. அனுப்பிய திருத்தங்களுக்குப் பதில் வரவில்லை. திரும்ப அனுப்பினாலும் வரவில்லை. ஒரு தனிமனிதர் இவ்வளவையும் தாங்க முடியாது என்ற பேச்சு வெளிப்படையாக எழுந்தது. அப்போதுதான் லாரி மெக்வாய் புதிய இணைப்புக் கருவி ஒன்றை எழுதித் தருவதாக முன்வந்தார். 2002 ஜனவரியில் அதே குமுறல் மறுபடியும் வெடித்தது. சிறு திருத்தங்களைத் திரட்டிக் கொடுக்க ஒருவரைத் தனியாக நியமியுங்கள் என்று ராப் லேண்ட்லி கேட்டார். டோர்வால்ட்ஸ் அப்படி ஒரு தனி ஆளை நியமிக்கவில்லை. தாம் நம்பும் சிலர் இருக்கிறார்கள், அவர்கள் நம்பும் சிலர் இருக்கிறார்கள், அந்த நம்பிக்கைச் சங்கிலி வழியாக வரட்டும் என்பதே அவர் நிலைப்பாடு. அடுத்த மாதமே மெக்வாயின் பிட்கீப்பரைப் பயன்படுத்தத் தொடங்கினார். திருத்தங்களைத் தனித்தனியாகப் பொறுக்குவதற்குப் பதில், நம்பிக்கைக்குரிய ஒருவர் தம் தனிப் பிரதியில், அதாவது கிளையில், சேர்த்து வைத்ததை மொத்தமாக இழுத்துக்கொள்ளும் பழக்கம் அங்கே பிறந்தது. முரண் தீர்க்கும் வேலையும் அந்தச் சங்கிலியில் கணுவுக்குக் கணு பங்கிடப்பட்டது.

பிட்கீப்பர் அப்போது தனியார் மென்பொருளாக இருந்தது. அதன் நெறிமுறையை ஆண்ட்ரூ டிரிட்ஜெல் ஆராய்ந்து தனிக் கருவி எழுத முற்பட்டதைத் தொடர்ந்து, 2005 ஏப்ரலில் இலவசப் பயன்பாடு நிறுத்தப்பட்டது. டோர்வால்ட்ஸ் ஏப்ரல் 3ஆம் தேதி சொந்தக் கருவியை எழுதத் தொடங்கினார்; ஏப்ரல் 7ஆம் தேதி அந்தக் கருவி தன் நிரலைத் தானே பதிந்து வைத்துக்கொண்டது; ஏப்ரல் 16ஆம் தேதி கெர்னல் அதற்குள் வந்தது. அதுதான் கிட். ஜூலையில் பராமரிப்பு ஜூனியோ ஹமானோ கைக்குப் போனது. கிட்டின் வேகத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நம் வாதத்துக்கு முக்கியமானது வேறு. கிட் இணைப்பை ஒரு பதிவாக வைத்துக்கொள்கிறது. எந்த இரண்டு கிளைகள் சேர்ந்தன, யார் சேர்த்தார், எப்போது, முரணை எப்படித் தீர்த்தார் என்பதெல்லாம் வரலாற்றில் அழியாமல் நிற்கும். பாடபேதத்தை ஒளிக்காமல் அடிக்குறிப்பில் வைத்த பதிப்பாசிரியரின் அதே நேர்மை இங்கே இயந்திரத்தின் இயல்பாகிவிட்டது.

இனி ஒரு முரணை அருகில் வைத்துப் பார்ப்போம். கிட் தன்னால் முடிவு செய்ய முடியாத இடத்துக்கு வந்ததும் கோப்புக்குள்ளேயே மூன்று கோடுகள் போடுகிறது. இடப்பக்கம் பார்க்கும் ஏழு அம்புக்குறிகள், அதன் கீழே நம்முடைய வரிகள்; நடுவில் ஏழு சமக்குறிகள், அதன் கீழே மற்றவருடைய வரிகள்; கடைசியில் வலப்பக்கம் பார்க்கும் ஏழு அம்புக்குறிகள். இப்போது 2019இன் தொடக்கத்துக்குப் போவோம். கெர்னலின் 5.1 பதிப்புக்கான வேலை நடக்கிறது. ஒரு செயலி கெர்னலிடம் எதைக் கேட்டாலும் பெயர் சொல்லிக் கேட்பதில்லை, எண் சொல்லியே கேட்கிறது. கோப்பைத் திற என்பதற்கு ஓர் எண், படி என்பதற்கு ஓர் எண். அந்த எண்களின் பட்டியலில் ஒரே காலத்தில் மூன்று தரப்பினர் கை வைத்தார்கள். 2038இல் 32 பிட் கடிகாரம் நிரம்பி வழியப்போகும் சிக்கலைத் தீர்க்க ஆர்ன்ட் பெர்க்மன் புதிய அழைப்புகளைச் சேர்த்தார். ஒரு செயலிக்குத் தவறாமல் சைகை அனுப்ப கிறிஸ்டியன் பிரவுனர் ஓர் அழைப்பைக் கொண்டுவந்தார். வட்டு வேலையை வேகப்படுத்த ஜென்ஸ் ஆக்ஸ்போ மூன்று அழைப்புகள் கொண்டுவந்தார். எல்லோருமே பட்டியலின் கடைசியில்தான் எழுத வேண்டும். வரிகளாகப் பார்த்தால் இது அற்ப முரண். எல்லா வரிகளையும் வைத்துக்கொண்டால் தீர்ந்தது. ஆனால் ஒவ்வொரு வரியின் தலையிலும் ஓர் எண் இருக்கிறது. ஒரே எண்ணை இரண்டு அழைப்புகளுக்குக் கொடுக்க முடியாது. ஒருமுறை வெளியிட்ட எண்ணை மாற்றவும் முடியாது. மாற்றினால் அந்த எண்ணை நம்பித் தொகுக்கப்பட்ட செயலிகள் உடையும். கடைசியில் 403 முதல் 423 வரை காலக் கணக்கு அழைப்புகளுக்குப் போயின, பிரவுனருக்கு 424, ஆக்ஸ்போவுக்கு 425, 426, 427. 5.1 பதிப்பில் 64 பிட் இன்டெல் கணினிக்கான பட்டியலைத் திறந்தால் 334க்கு அடுத்த வரி 424 என்று தாவுவதைப் பார்க்கலாம். நடுவில் 387 முதல் 423 வரையுள்ள எண்களைத் தொடாதீர்கள் என்று ஒரு குறிப்பும் இருக்கிறது. ஒரு முரண் தீர்ந்ததற்கு நட்ட கல் அது. எந்தக் கருவியும் அந்த இடைவெளியைத் தானாக விட்டிருக்காது; எதிர்காலத்தில் எல்லா வன்பொருளுக்கும் ஒரே எண் வரவேண்டும் என்ற நோக்கத்தை அறிந்தவர்களே விட்டிருக்க முடியும்.

கண்ணுக்குத் தெரியும் முரணாவது பரவாயில்லை. ஏழு அம்புக்குறி போட்டுக் கிட் நம்மை நிறுத்திவிடும். கிட் நிறுத்தாத முரண் ஒன்று உண்டு, அதுதான் கொடியது. ஒருவர் ஒரு செயற்கூற்றின் பெயரை மாற்றுகிறார். அதை அழைக்கும் எல்லா இடங்களையும் தேடித் திருத்துகிறார். அதே வாரம் இன்னொருவர் வேறொரு கோப்பில், பழைய பெயரை நம்பிப் புதிதாக ஓர் அழைப்பு எழுதுகிறார். இருவரும் ஒரே வரியைத் தொடவில்லை, ஒரே கோப்பைக்கூடத் தொடவில்லை. இணைப்பு மௌனமாக நடந்து முடியும். நிரல் தொகுக்கும்போது உடைந்தால் அது நல்ல காலம். தொகுப்பும் தேறி, ஓடும்போது தவறினால் யார் கண்டுபிடிப்பது? 2017இல் கீஸ் குக் கெர்னலின் டைமர்களைத் தொடங்கும் பழைய முறையை எடுத்துவிட்டு, பாதுகாப்பான புதிய முறைக்கு எல்லாவற்றையும் மாற்றியபோது இந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்தார். பழைய முறையைப் பயன்படுத்திய இடங்கள் நூற்றுக்கணக்கில், கெர்னலின் தனித்தனிப் பகுதிகளுக்குப் பொறுப்பான பல பராமரிப்பாளர்களின் கைகளில் சிதறிக் கிடந்தன. பலவற்றை அவரவர் கிளைகள் வழியாகவே முன்கூட்டி மாற்றச் செய்தார். எஞ்சியதை மொத்தமாக மாற்றும் திருத்தம் 4.15 பதிப்புக்குப் புதிய திருத்தங்களை டோர்வால்ட்ஸ் ஏற்கும் இணைப்புக் காலம் முடியும் தறுவாயில், மற்றவர்கள் கிளைகளெல்லாம் வந்து சேர்ந்த பிறகு, உள்ளே போனது. அந்த நேரத் தேர்வுதான் அங்கே முரண் தீர்க்கும் உத்தி. எதை மாற்றுவது என்பதைவிட எப்போது மாற்றுவது என்பதில் வேலை இருந்தது.

இந்த மௌன முரண்களுக்காகவே 2008 பிப்ரவரியில் லினக்ஸ்-நெக்ஸ்ட் தோன்றியது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இருந்த ஸ்டீபன் ராத்வெல் இதைக் கையிலெடுத்தார். அடுத்த பதிப்புக்கு என்று பராமரிப்பாளர்கள் தயாராக வைத்திருக்கும் கிளைகளை எல்லாம் வேலை நாள்தோறும் ஒன்றன்மேல் ஒன்றாக இணைப்பது, இணைக்க இணைக்கத் தொகுத்துப் பார்ப்பது, முரண் வந்தால் தீர்ப்பது, தீர்த்த விதத்தைச் சம்பந்தப்பட்ட இரு தரப்புக்கும் எழுதி அனுப்புவது. கிளைகளின் எண்ணிக்கை பின்னாளில் முந்நூறைத் தாண்டியது. மறுநாள் அந்தக் கிளைகள் மாறியிருக்கும். மறுபடியும் முதலிலிருந்து இணைக்க வேண்டும். அதே முரணை நாள்தோறும் கையால் தீர்க்காமல் இருக்க, முன்பு தீர்த்த விதத்தை நினைவில் வைத்துக்கொள்ளும் 'ரெரெரெ' என்ற வசதி கிட்டில் இருந்தது. அதை ஹமானோ 2006இலேயே சேர்த்திருந்தார். ஒரு கிளை அன்றைக்குத் தொகுப்பை உடைத்தால் ராத்வெல் அதன் முந்தைய நாள் நிலையை எடுத்துக்கொண்டு மேலே போவார். பேராக் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய குடும்பங்களுக்கு இந்த ஒழுங்கு புதிதாகத் தோன்றாது. சுங்கை சிப்புட், செம்மோர் பக்கத்துத் தோட்டங்களில் ஆளுக்கொரு நிரையில் வெட்டி, காண்டா வாளியில் சுமந்துவந்த பாலை ஸ்டோரில் நேரே பொதுத் தொட்டியில் ஊற்றிவிட மாட்டார்கள். வடிகட்டி, நிறுத்து, அளந்து பார்த்த பிறகே ஊற்றுவார்கள். வழியிலேயே உறைந்துபோன பாலைத் தனியே ஒதுக்கி வைப்பார்கள். அதற்கும் விலை உண்டு, ஆனால் நல்ல பாலோடு அது கலக்கக் கூடாது. லினக்ஸ்-நெக்ஸ்ட் கெர்னலின் பால் ஸ்டோர். உண்மையான இணைப்புக் காலம் இரண்டு வாரம்தான். மலை இறங்கிவரும் லாரிபோல ஆயிரக்கணக்கான திருத்தங்கள் அந்த இரண்டு வாரத்தில் டோர்வால்ட்ஸிடம் வந்து சேர்கின்றன. மோதல் அங்கே முதன்முதலாகத் தெரிந்தால் ஜெலாப்பாங் சாவடியின் கதைதான். சில வாரங்களுக்கு முன்பே, அவசரம் இல்லாத சமவெளியில் அது தெரிந்துவிட்டால் தீர்ப்பதற்கு நிதானம் இருக்கிறது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். முரண் முன்கூட்டியே தெரிந்துவிட்டது என்றால், அந்தந்தப் பராமரிப்பாளரே தம் கிளையில் அதைத் தீர்த்துச் சுத்தமாக்கி அனுப்பலாமே, மேலே இருப்பவருக்கு ஏன் தொல்லை கொடுக்க வேண்டும்? கெர்னலின் நெறிமுறை இதற்கு எதிரானது. டோர்வால்ட்ஸின் கிளையைத் தம் கிளைக்குள் இழுத்துக்கொண்டு, முரணைத் தீர்த்து, வழவழப்பாக அனுப்புவதை அது ஊக்குவிப்பதில்லை. ஜோனதன் கார்பெட் எழுதி கெர்னலோடு வரும் வழிகாட்டி ஆவணத்தில் 5.1 பதிப்பின் கணக்கு இருக்கிறது. அந்தச் சுற்றில் 1126 இணைப்புகள். மொத்தப் பதிவுகளில் ஏறத்தாழ 9 விழுக்காடு. அவற்றில் 382ஐ டோர்வால்ட்ஸ் தாமே செய்தார். தேவையற்ற இத்தகைய எதிர்த்திசை இணைப்புகளைவிட முரணையே நேரில் பார்க்க அவர் விரும்புகிறார் என்றும், எங்கே சிக்கல் இருக்கிறது என்பதை முரண்தான் அவருக்குக் காட்டுகிறது என்றும் அந்த ஆவணம் விளக்குகிறது. சம்பந்தப்பட்ட பராமரிப்பாளர் செய்ய வேண்டியது, முரண் வரும் என்று சொல்லி, தாம் எப்படித் தீர்ப்பேன் என்பதை உடன் எழுதி அனுப்புவது. ஒரு கிராமத்தில் இரண்டு குடும்பங்களுக்குள் வரப்புத் தகராறு என்றால் ஒருவர் இரவோடு இரவாக வரப்பை வெட்டிச் சீராக்கிவிட்டு வந்து தகராறே இல்லை என்று சொல்வது தீர்ப்பாகாது. பஞ்சாயத்தில் வைத்துத் தீர்ப்பதே தீர்ப்பு. முரண் ஒரு செய்தி. இரண்டு பேர் ஒரே இடத்தில் வேலை செய்கிறார்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல் செய்கிறார்கள் என்ற செய்தி. அதை அழித்துவிட்டு அனுப்புகிறவர் அந்தச் செய்தியையும் சேர்த்தே அழிக்கிறார்.

அடுத்த ஆட்சேபம் வடிவமைப்பிலிருந்து வருகிறது. நன்றாகப் பிரித்துக் கட்டிய நிரலில் முரண் ஏன் வர வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. பாதி உண்மை இதில் இருக்கிறது. பினாங்கில் வடிவமைப்பு மையம் நடத்திய ஆல்டெரா நிறுவனத்தின் நியோஸ் 2 நுண்செயலிக்கான ஆதரவு 2015 பிப்ரவரியில் வெளியான 3.19 பதிப்பில் கெர்னலுக்குள் வந்தது. அப்போது அதன் பராமரிப்பாளராக இருந்தவர் லே ஃபூன் டான். ஒரு புதிய நுண்செயலிக் குடும்பத்துக்கான நிரலில் பெரும்பகுதி தனக்கென்று உள்ள அடைவுக்குள்ளேயே அடங்கிவிடும். மற்றவர் நிரலோடு உரசும் இடம் சொற்பம். பிரித்துக் கட்டுவதன் பயன் அது. ஆனால் வன்பொருள் உலகம் நாம் வகுத்த அடைவு எல்லைகளுக்குள் அடங்கி நடப்பதில்லை. கெர்னலின் பராமரிப்பாளர் பட்டியலில் தமிழ்க் காதுக்குப் பழகிய பெயர் ஒன்று உண்டு: மணிவண்ணன் சதாசிவம். குவால்காம் மோடங்களும் வைஃபை சில்லுகளும் கணினியோடு பேசும் எம்.எச்.ஐ. என்ற பாதைக்கு அவர் பராமரிப்பாளர். அந்தப் பாதை 2020இல் 5.7 பதிப்பில் கெர்னலுக்குள் வந்தது. பாதை அவர் கிளையில் இருக்கிறது. அதன்மேல் ஓடும் ஏடிஎச்11கே வைஃபை இயக்கி வலைத் தரப்பினரின் கிளையில் இருக்கிறது. பாதையை மாற்றினால் வைஃபை உடையும். வைஃபையை முதலில் மாற்றினால் தொகுப்பு உடையும். எவ்வளவு அழகாகப் பிரித்துக் கட்டினாலும் ஒன்றன்மேல் ஒன்று நிற்கும் இரண்டு பகுதிகளுக்கு இடையில் இது வந்தே தீரும். இதற்குக் கெர்னல்காரர்கள் கண்ட வழி மாறாக் கிளை. இரு தரப்புக்கும் தேவையான மாற்றங்களை மட்டும் ஒரு சிறு கிளையில் வைத்து, இதை இனிமேல் நான் மாற்ற மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, இருவரும் அதையே இழுத்துக்கொள்வது. இரண்டு பக்கமும் ஒரே பதிவு இருப்பதால் பின்னால் சேரும்போது கிட் அதை இரண்டாக எண்ணாது. எம்.எச்.ஐ.க்கும் ஏடிஎச்11கேக்கும் இடையில் இப்படி ஒரு கிளை வைத்தே வேலை நடந்தது. கிட்டில் அந்தக் கிளையை மாற்றவிடாமல் தடுக்கும் பூட்டு எதுவும் கிடையாது. ஒரு பராமரிப்பாளர் இன்னொருவருக்குக் கொடுத்த சொல்தான் அதன் பூட்டு. ராச்கைண்டின் இரும்புப் பூட்டு செய்ய முடியாததைக் கொடுத்த வாக்கு செய்கிறது.

மூன்றாவது ஆட்சேபம் இன்றைய காலத்துக்கு உரியது. இயந்திரமே இதையெல்லாம் தீர்த்துவிடும் நாள் வந்துவிட்டதே, மனிதர் எதற்கு? இயந்திரம் உதவுவதை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2005இல் ஃபிரெட்ரிக் குய்வினென் கொடுத்த இணைப்பு முறையும், எலைஜா நியூரென் எழுதி 2021 நவம்பரில் கிட்டின் இயல்பு முறையாகிய 'ஆர்ட்' முறையும் பெயர் மாறிய கோப்புகளைப் பின்தொடர்ந்து பல்லாயிரம் பொய் முரண்களைத் தவிர்க்கின்றன. நிரலைப் படித்துத் திருத்தம் சொல்லும் செயற்கை நுண்ணறிவும் இனி இதில் பங்கெடுக்கும். ஆனால் நாம் மேலே கண்ட மூன்று நிகழ்ச்சிகளையும் திரும்பப் பாருங்கள். 424 என்ற எண்ணைத் தேர்ந்தெடுத்தது எல்லா வன்பொருளுக்கும் சேர்த்துச் செய்த ஒரு முடிவு. டைமர் மாற்றத்தைக் கடைசி நாட்களுக்குத் தள்ளியது மற்றவர்கள் கையில் என்ன இருக்கிறது என்ற அறிவு. மாறாக் கிளை ஒரு வாக்குறுதி. முடிவும் அறிவும் வாக்குறுதியும் கோப்பில் உள்ள வரிகளுக்கு வெளியே இருக்கின்றன. வரிகளை மட்டும் படிக்கும் எதுவும், அது எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் படித்தாலும், அங்கே ஊகித்தே ஆகவேண்டும். ஊகம் தவறினால் யார் பொறுப்பு என்ற கேள்வியும் இருக்கிறது. 2004 முதல் கெர்னலில் சேரும் ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் ஒரு மனிதரின் கையொப்ப வரி இருக்கிறது. கருவி யோசனை சொல்லலாம். கையெழுத்துப் போடுகிறவர் இரு தரப்பின் நோக்கத்தையும் புரிந்துகொண்டுதான் போட வேண்டும்.

எனக்கே கனமாகத் தோன்றும் ஆட்சேபம் இன்னொன்று. இவ்வளவு இணைப்பும் ஒருசிலர் கையில் குவிவது ஆபத்து இல்லையா? ஆபத்துதான். இணைப்பு நடக்கும் கணத்தில் இரண்டு கிளைகளிலும் இல்லாத ஒரு மாற்றத்தை உள்ளே வைத்துவிட முடியும். திருத்தத் துண்டுகளைப் படிக்கிறவர்கள் இணைப்பின் உள்ளே எட்டிப் பார்ப்பது அபூர்வம். கிட் வழக்கில் இதற்குத் தீய இணைப்பு என்றே பெயர். கெட்ட எண்ணம் இல்லாமல், களைப்பில் தவறான பக்கத்து வரியை வைத்துவிட்டாலும் விளைவு ஒன்றுதான். நான் பார்த்தவரை கெர்னல் இதற்கு வைத்திருக்கும் காப்பு, இணைப்பை வெளிச்சத்தில் செய்வது. லினக்ஸ்-நெக்ஸ்டில் ஒருவர் தீர்த்தது, பராமரிப்பாளர் தம் கோரிக்கையில் சொல்லி அனுப்பியது, டோர்வால்ட்ஸ் கடைசியில் தீர்த்தது ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்து யாரும் ஒப்பிடலாம். மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் கேள்வி வரும். ஆளை நம்பியே எல்லாம் நிற்கவில்லை என்பதற்கும் ஒரு சோதனை நடந்தது. 2018 செப்டம்பரில் டோர்வால்ட்ஸ் சில வாரம் ஒதுங்கியிருந்தபோது பொறுப்பை ஏற்று அக்டோபரில் 4.19 பதிப்பை வெளியிட்டவர் கிரெக் குரோ-ஹார்ட்மன். வேலை நின்றுபோகவில்லை. ஆனாலும், இணைக்கத் தெரிந்தவர்களின் எண்ணிக்கை எழுதத் தெரிந்தவர்களின் எண்ணிக்கையோடு சேர்ந்து வளரவில்லை என்பது உண்மை. நம் கல்லூரிகளில் நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கிறோம். மற்றவர் எழுதியதைத் தம்முடையதோடு சேர்க்கும் வேலையைப் பாடமாக வைப்பது குறைவு. இரண்டு பேர் எழுதியதைப் படித்து, இருவரும் என்ன நினைத்து எழுதினார்கள் என்று கண்டு, இருவர் எண்ணமும் கெடாமல் ஒன்றாக்குவது உயர்ந்த வேலை. உ.வே.சா. ஏடுகளுக்கு நடுவில் செய்ததும் அந்த வகை வேலைதான். தமிழ் மாணவர்கள் இதில் தலையெடுக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

ஆக, பூட்டில் தொடங்கிய வரலாறு, பூட்டைக் கழற்றி, முரணை ஏற்றுக்கொண்டு, அதை மறைக்காமல், முன்கூட்டியே, புரிந்தவர் கண்முன் கொண்டுவந்து நிறுத்தும் ஏற்பாட்டில் வந்து நிற்கிறது. ஜெலாப்பாங் வழியே இன்று போகும் லாரி ஓட்டுநருக்கு அங்கே சாவடி இருந்ததே தெரியாமல் இருக்கலாம். இறக்கம் முடிந்து சாலை நேரே ஓடும். அதுபோலவே 5.1 பதிப்பின் பட்டியலில் 334க்கு அடுத்து 424 வருவதைப் பார்க்கும் இளம் நிரலாளருக்கு அங்கே மூன்று தரப்பு வந்து சேர்ந்தது தெரியாமல் இருக்கலாம். ஆனால் சாலையைப் போலன்றி, கிட் அந்தச் சந்தியை அழிக்கவில்லை. எந்தக் கிளைகள், எந்த நாள், யார் கையால் சேர்ந்தன என்று கேட்டால் இன்றும் சொல்லும்.

இணைத்து வெளியிட்ட பிறகும் வேலை முடிவதில்லை. நம் கைப்பேசிகளில் ஓடுவது பெரும்பாலும் பழைய பதிப்புகள். புதிய பதிப்பில் கண்ட பிழைத்திருத்தத்தை, சுற்றியுள்ள வரிகளெல்லாம் வேறாக இருக்கும் அந்தப் பழைய நிரலுக்குள் எப்படிக் கொண்டுபோகிறார்கள் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)